அமெரிக்கக் கவுண்டி பதிவாளர் அலுவலகம்: கடமையும் எல்லையும்

அமெரிக்காவில் வீடு வாங்குகிறவருக்கு, “இந்த மனை உனக்கே சொந்தம்” என்று அரசு பெரும்பாலும் எழுதிக் கொடுப்பதில்லை. விற்றவர் கையெழுத்திட்ட கிரயப் பத்திரம் கவுண்டி பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறது. அங்கே அதற்கு ஓர் எண்ணும் தேதியும் நேரமும் இடுகிறார்கள். நகலெடுத்து அட்டவணையில் ஏற்றியபின் மூலத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும், முப்பது ஆண்டு வங்கிக் கடனும், நகராட்சியின் வரிக் கணக்கும் இந்தச் சிறு செயலை நம்பித்தான் நிற்கின்றன.

இந்த அலுவலகத்தைப் பற்றி ஆராய மூன்று கேள்விகள் உள்ளன. சட்டம் அதற்கு இட்ட வேலை எது? அது செய்யாத வேலை எது, ஏன் செய்வதில்லை? குதிரை வண்டிக் காலத்தில் வகுத்த முறை, கணினி வழி மோசடிகளின் காலத்துக்கும் போதுமா? இவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம். பதிவாளரை நீதிபதியாக்க வேண்டிய தேவை இல்லை. ஏடு முழுமையாகவும் எல்லாருக்கும் திறந்தும் இருக்க வேண்டும். ஏட்டுக்குள் நுழையும் வாசலில் ஆள் யார் என்ற சோதனை கடுமையாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் குறைந்த இடங்களில்தான் தீங்கு விளைந்திருக்கிறது என்பதை அந்நாட்டு வரலாறே காட்டுகிறது.

ஒரே வேலை, பல பெயர்கள்

மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவு கவுண்டி. அமெரிக்காவில் 3,000-க்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. நிலப் பதிவு மத்திய அரசின் கையில் இல்லை. மாநிலச் சட்டத்தின்படி கவுண்டி அளவில் நடக்கிறது. கலிபோர்னியா, அரிசோனா, ஒஹாயோ, இந்தியானா, அயோவா போன்ற மாநிலங்களில் ‘கவுண்டி ரெக்கார்டர்’ என்ற பதவி இருக்கிறது. மிச்சிகன், வட கரோலினா, விஸ்கான்சின் மாநிலங்களில் அதே வேலையைச் செய்பவர் ‘ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ்’. டெக்சாஸில் கவுண்டி கிளார்க்கும் புளோரிடாவில் வட்டார நீதிமன்ற எழுத்தரும் பதிகிறார்கள். கனெக்டிகட், வெர்மான்ட், ரோட் ஐலண்ட் மாநிலங்களில் பதிவு ஊர் அளவில் நடக்கிறது. ஹவாயிலும் அலாஸ்காவிலும் மாநில அரசே நேரடியாகப் பதிகிறது. பழங்குடியினருக்காக மத்திய அரசு பொறுப்பில் வைத்திருக்கும் நிலத்துக்கு, அமெரிக்கப் பழங்குடியினர் நலத் துறையின் கீழ் தனிப் பதிவகங்கள் உள்ளன.

பெரும்பாலான இடங்களில் பதிவாளர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. சில கவுண்டிகளில் இப்பதவி மற்றொன்றோடு சேர்ந்திருக்கும். சான் பிரான்சிஸ்கோவில் சொத்து மதிப்பீட்டாளரும் பதிவாளரும் ஒருவரே. லாஸ் ஏஞ்சலிஸில் வாக்காளர் பதிவு, ஆவணப் பதிவு, கவுண்டி எழுத்தர் பணி ஆகிய மூன்றும் ஒரே அலுவலகத்தில் உள்ளன. அரிசோனாவின் மாரிகோப்பா கவுண்டியில் வாக்காளர் பட்டியலும் அஞ்சல் வாக்கும் பதிவாளரின் பொறுப்பு. 2020 அதிபர் தேர்தலுக்குப் பின் அந்தப் பதவி நாடு முழுதும் பேசப்பட்டதற்கு அதுவே காரணம். சிகாகோ நகரம் அடங்கிய குக் கவுண்டியிலோ, 2016-இல் மக்கள் அளித்த வாக்கின்படி, 2020 டிசம்பரில் பதிவாளர் பதவி கவுண்டி கிளார்க் அலுவலகத்தோடு இணைக்கப்பட்டது.

முறை பிறந்த கதை

இடைக்கால இங்கிலாந்தில் நிலம் கைமாறுவது கண்ணெதிரே நடந்த சடங்கு. விற்பவர் நிலத்தில் நின்று ஒரு பிடி மண்ணையோ ஒரு குச்சியையோ வாங்குபவர் கையில் கொடுப்பார். அக்கம்பக்கத்தார் சாட்சி. ஒரே ஊரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சாட்சி போதுமானதாக இருந்தது. பிற்பாடு எழுத்து ஆவணம் வந்தது. ஆனால் பத்திரங்கள் பெட்டிகளுக்குள் பூட்டிக் கிடந்தன. ஒரே நிலத்தை இருவருக்கு விற்பவனை வெளியாள் கண்டுபிடிக்க வழியில்லை.

அட்லாண்டிக் கடந்து குடியேறியவர்களிடையே இந்தச் சிக்கல் பெரிதானது. அங்கே யாரும் யாருக்கும் பழைய ஊர்க்காரர் அல்லர்; நிலமும் அடிக்கடி கைமாறியது. மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1640-இல் ஒரு சட்டம் இயற்றியது. விற்றவரே நிலத்தில் தொடர்ந்து இருக்கும்போது, பதியப்படாத விற்பனையோ அடமானமோ அவரையும் அவர் வாரிசுகளையும் தவிர மற்றவரைக் கட்டுப்படுத்தாது என்றது அது. பத்திரத்தைப் பொது ஏட்டில் ஏற்று, இல்லையென்றால் உனக்குப் பின் வருகிறவரிடம் உன் உரிமை நிற்காது என்பதே அதன் சாரம். பின்னாளில் எல்லா மாநிலங்களும் எழுதிய பதிவுச் சட்டங்களின் கரு இதில் இருக்கிறது.

விடுதலைக்குப் பின் மேற்கே விரிந்த நிலத்தை அளக்க 1785-இல் நிலச் சட்டம் வந்தது. ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்கள். ஒவ்வொன்றிலும் 36 கூறுகள். ஒரு கூறு 640 ஏக்கர். மரத்தையும் ஓடையையும் எல்லையாகச் சொன்ன பழைய வர்ணனைக்குப் பதிலாக, எண்களால் நிலத்தைச் சுட்ட முடிந்தது. பழைய கிழக்கு மாநிலங்களிலும் டெக்சாஸிலும் இந்தச் சதுர முறை இல்லை. அங்கே பத்திரத்தின் எல்லை விவரத்தை இன்றும் அடி, திசை, கோணம் என்று படித்துத்தான் மனையைக் கண்டுகொள்ள வேண்டும்.

பத்திரம் அலுவலகத்தில் கடக்கும் வழி

கலிபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். வீடு விற்பவர் நோட்டரி முன் கையெழுத்திடுகிறார். நோட்டரி அவருடைய அடையாள அட்டையைப் பார்த்துச் சான்றளிக்கிறார். நிலப் பத்திரம் என்பதால் தம் குறிப்பேட்டில் அவருடைய பெருவிரல் ரேகையையும் பெறுகிறார். பின்னர் பத்திரம் பதிவாளரிடம் வருகிறது. அங்கே ஊழியர் பார்ப்பவை குறைவு. பதிவதற்குச் சட்டம் இடமளிக்கும் ஆவணமா, கையெழுத்தும் நோட்டரிச் சான்றும் உள்ளனவா, நகலெடுத்தால் எழுத்து தெரியுமா, கட்டணமும் வரியும் வந்துள்ளனவா என்பவையே அவை. எல்லாம் சரியென்றால் ஆவண எண்ணும் நேர முத்திரையும் விழுகின்றன.

அடுத்தது அட்டவணை. பதிவகத்தின் உயிர் இதில் இருக்கிறது. கொடுத்தவர் பெயர் வரிசையில் ஒன்று, பெற்றவர் பெயர் வரிசையில் ஒன்று என இரு அட்டவணைகளிலும் பத்திரம் ஏறுகிறது. சில மாநிலங்களில் மனை வாரியான அட்டவணையும் உண்டு. ஒரு வீட்டின் வரலாற்றைத் தேடுபவர், இன்றைய உரிமையாளர் பெயரைப் பெற்றவர் பட்டியலில் பார்த்து, அவருக்கு விற்றவரைக் கண்டு, அப்படியே பின்னோக்கிப் போகிறார். பிறகு ஒவ்வொருவரும் தம் காலத்தில் வேறு யாருக்காவது எழுதிக் கொடுத்தாரா என்று கொடுத்தவர் பட்டியலில் முன்னோக்கி வருகிறார். நம் ஊரில் தாய்ப்பத்திரம் தேடி, வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதும் இதே தருக்கம்தான். பெயர் ஓர் எழுத்துத் தவறி ஏறினாலும் சங்கிலி அறுந்துபோகும். தேடுபவர் கண்ணில் படாத பத்திரம், அவரைப் பொறுத்தவரை இல்லாத பத்திரமே. அதனால்தான் அட்டவணை எழுதும் கடைநிலை ஊழியரின் கவனம், ஒரு வழக்கறிஞரின் வாதத்தைவிடப் பெறுமதி உள்ளது என்கிறேன்.

கிரயத்தோடு வேறு பலவும் ஏட்டில் ஏறுகின்றன: வீட்டுக் கடன் அடமானம், கடன் தீர்ந்த விடுவிப்பு, பாதையுரிமை, கூலி கிடைக்காத ஒப்பந்ததாரர் கட்டடத்தின் மேல் வைக்கும் உரிமைக் கோரிக்கை, வரி பாக்கிக்காக அரசு போடும் வில்லங்கம், நீதிமன்றத் தீர்ப்புக் கடன், நிலுவை வழக்கு அறிவிப்பு, மனைப் பிரிவு வரைபடம், குடியிருப்போர் சங்க விதிகள், சுரங்க உரிமைக் குறிப்பு. கடன் தவணை தவறிய வீட்டை ஏலம் விடுவதற்கு முன் வங்கி போட வேண்டிய அறிவிப்பும் இங்கேதான் பதிவாகிறது. பல கவுண்டிகளில் பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றுகளும் இதே அலுவலகத்தில் கிடைக்கும். படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் தம் விடுவிப்புச் சான்றைக் கட்டணமின்றிப் பதிந்து வைக்கலாம். சான்று தொலைந்தால் ஓய்வூதியத்துக்கும் மருத்துவ உதவிக்கும் அந்தப் பதிவு கைகொடுக்கும்.

முந்திப் பதிந்தவரா, அறியாமல் வாங்கியவரா

ஒரே மனையை ஒருவர் இருவருக்கு விற்றுவிட்டால் யார் வெல்வார்? மாநிலச் சட்டங்கள் மூன்று வழிகளில் பிரிகின்றன.

வட கரோலினாவிலும் லூசியானாவிலும் முந்திப் பதிந்தவரே உரிமையாளர். வட கரோலினாவில் இந்த விதி 1885-இல் வந்தது. முந்தைய விற்பனை தமக்குத் தெரிந்திருந்தாலும், பதிவில் முந்தினால் அவருக்கே நிலம். டெக்சாஸ், புளோரிடா போன்ற மாநிலங்களில் பின்னால் வாங்கியவருக்கு முந்தைய விற்பனை தெரிந்ததா என்பதே கேள்வி. தெரியாமல் உரிய விலை கொடுத்து வாங்கியிருந்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. கலிபோர்னியாவும் நியூயார்க்கும் இரண்டையும் சேர்த்துக் கேட்கின்றன: அறியாமல் வாங்கியிருக்கவும் வேண்டும், முந்திப் பதிந்திருக்கவும் வேண்டும்.

மூன்றுக்கும் பொதுவான அடித்தளம் ஒன்று உண்டு. முறையாகப் பதிந்து அட்டவணையில் ஏறிய ஆவணம் எல்லாருக்கும் தெரிந்ததாகவே சட்டம் கருதும். “நான் பார்க்கவில்லை” என்பது பதிலாகாது. இதனால்தான் ஏட்டை எல்லாரும் பார்க்கத் திறந்து வைப்பது சலுகையாகாமல் சட்டத் தேவையாகிறது. பார்க்க முடியாத ஒன்றைத் தெரிந்ததாகக் கொள்வது அநியாயம்.

இந்தியப் பதிவுச் சட்டத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, பதியப்பட்ட பத்திரம் பதிந்த நாளிலிருந்து அல்லாமல், எழுதி நிறைவேற்றிய காலத்திலிருந்தே செயல்படும். இங்கே முதலில் எழுதி, காலக்கெடுவுக்குள் பதிந்தவர் நிலை வலுவானது. அங்கே பதிவு நேரத்தின் ஒரு நிமிடம்கூட உரிமையைத் தீர்மானிக்கக்கூடும்.

பதிவாளர் தீர்ப்புச் சொல்வதில்லை

கலிபோர்னியாவின் அரசுச் சட்டத் தொகுப்பு, 27201-ஆம் பிரிவில், ஓர் ஆவணம் சட்டப்படி போதுமானதாக இல்லை என்ற காரணத்துக்காகப் பதிவாளர் அதைப் பதிய மறுக்கக் கூடாது என்கிறது. விற்பவருக்கு உண்மையில் நிலம் சொந்தமா, விலை நியாயமானதா, வாசகம் செல்லுமா என்பவை அவர் கேட்க முடியாத கேள்விகள். பதிந்ததால் செல்லாத பத்திரம் செல்லத்தக்கதாகிவிடாது. போலிக் கையெழுத்திட்ட பத்திரம் எத்தனை முறை பதிந்தாலும் வெறும் காகிதமே. அதை நம்பி நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கும் நிலம் கிடைக்காது.

இந்த இடைவெளியை அமெரிக்கர்கள் தனியார் காப்பீட்டால் அடைத்தார்கள். 1868-இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிந்தது. நிலத்தின் மேல் பதிவான ஒரு தீர்ப்புக் கடனைத் தரகர் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்ல, வாங்கியவர் அதை நம்பிப் பணத்தை இழந்தார். தரகர் கவனத்தோடு நடந்ததால் பொறுப்பாளி இல்லை என்றது நீதிமன்றம். யாருடைய குற்றமும் இல்லாமல் நட்டம் வரக்கூடும் என்று அது உணர்த்தியது. 1876-இல் பிலடெல்பியாவில் முதல் உரிமைக் காப்பீட்டு நிறுவனம் தோன்றியது. இன்று கடன் கொடுக்கும் வங்கி ஏறக்குறைய எப்போதும் இந்தக் காப்பீட்டைக் கேட்கிறது. அயோவா மட்டும் இதைத் தனியார் வணிகமாக விற்கத் தன் மண்ணில் இடம் தராமல், மாநில அமைப்பு ஒன்றின் மூலம் உத்தரவாதம் வழங்குகிறது.

அரசே உரிமைக்கு உறுதி கூறும் மாற்று வழியும் உண்டு. ராபர்ட் டாரன்ஸ் 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் கொண்டுவந்த முறை அது. அங்கே பதிவேட்டில் பெயர் இருப்பவரே உரிமையாளர். தவறு நேர்ந்தால் ஈட்டுத்தொகை உண்டு. அமெரிக்க மாநிலங்கள் சிலவும் முயன்றன. இல்லினாய் 1897-இல் சட்டம் கொண்டுவந்தது. குக் கவுண்டி 1990-களில் அதைக் கைவிட்டது. கலிபோர்னியாவும் அதை ஏற்று 1955-இல் நீக்கியது. மினசோட்டாவிலும் மாசசூசெட்ஸிலும் ஒரு பகுதி நிலம் இன்னும் அந்த முறையில் இருக்கிறது. ஒவ்வொரு மனையையும் முதன்முதலில் சேர்க்க நீதிமன்ற நடவடிக்கை வேண்டும் என்ற செலவே அதன் பரவலைத் தடுத்தது.

தமிழ்நாட்டில் இதே கேள்வி அண்மையில் உச்ச நீதிமன்றம் வரை போனது. விற்பவர் தம் உரிமையை நிரூபிக்கும் முந்தைய பத்திரத்தைக் காட்டாவிட்டால் சார்பதிவாளர் பதிய மறுக்கலாம் என்ற 55-ஏ விதியை, 2025 ஏப்ரலில் அந்த நீதிமன்றம் செல்லாது என்றது. விற்பவருக்கு நிலம் சொந்தமா என்று ஆராயும் அதிகாரத்தை 1908-ஆம் ஆண்டுச் சட்டம் சார்பதிவாளருக்குத் தரவில்லை என்பதே காரணம். கலிபோர்னியாவின் சட்டமும் இந்தத் தீர்ப்பும் வெவ்வேறு நாடுகளிலிருந்து ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

வரியும் கட்டணமும்

பதிவாளர் அரசுக்குப் பணம் சேர்ப்பவரும்கூட. நிலப் பத்திரங்களுக்கு மத்திய அரசு போட்டிருந்த முத்திரை வரி 1967-ஆம் ஆண்டோடு முடிந்தது. அதன்பின் பல மாநிலங்கள் தாமே வரி விதித்தன. கலிபோர்னியாவில் கவுண்டி வரி ஆயிரம் டாலருக்கு 1.10 டாலர், எட்டு லட்சம் டாலர் வீட்டுக்கு 880 டாலர். இதற்குமேல் நகரங்கள் விதிக்கலாம். லாஸ் ஏஞ்சலிஸ் நகர வாக்காளர்கள் 2022-இல் ஏற்ற வரி, 50 லட்சம் டாலருக்கு மேற்பட்ட விற்பனைக்கு 4 விழுக்காட்டில் தொடங்கியது. வீடற்றோர் நலனுக்கும் மலிவு வீடுகளுக்கும் அப்பணம் போகிறது. மாநிலம் முழுவதும் பல ஆவணங்களுக்கு 75 டாலர் கூடுதல் கட்டணமும் 2018 முதல் உண்டு; அதுவும் மலிவு வீட்டுக்கே.

வேறொரு கடமையும் இதோடு இணைந்தது. 1978-இல் வந்த 13-ஆம் முன்மொழிவின்படி, கலிபோர்னியாவில் சொத்து வரி மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறாது. வீடு கைமாறும்போதுதான் சந்தை விலைக்கு உயரும். அதனால் பத்திரத்தோடு உரிமை மாற்ற அறிக்கையும் வருகிறது. பதிவாளர் அதை மதிப்பீட்டாளருக்கு அனுப்புகிறார். பள்ளிக்கும் தீயணைப்புக்கும் போகும் வரியின் கணக்கு அந்தத் தாளில் தொடங்குகிறது.

ஏடு அழிந்தபோது

பாதுகாத்தல் பதிவாளரின் கடமைகளில் மிகப் பழையது. 1871 அக்டோபரில் சிகாகோ எரிந்தபோது நீதிமன்றக் கட்டடத்தோடு கவுண்டியின் நிலப் பதிவேடுகளும் சாம்பலாயின. நில உரிமை வரலாற்றுச் சுருக்கங்களைத் தயாரித்து விற்ற மூன்று தனியார் நிறுவனங்களின் ஏடுகள் தப்பின. அடுத்த ஆண்டே வந்த சட்டம் அவற்றைச் சான்றாக ஏற்க வழிசெய்தது. நகரத்தின் நில வரலாறு தனியார் பெட்டிகளால் மீண்டது. 1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் பதிவகம் எரிந்தது. நிலத்தில் இருப்பவர் எல்லார் மேலும் ஒரு பொது வழக்குத் தொடுத்து, நாளிதழில் அறிவித்து, தம் உரிமையை நீதிமன்றம் வழியாக நிலைநாட்ட அவ்வாண்டே சிறப்புச் சட்டம் வந்தது. பிறப்புப் பதிவுகள் எரிந்ததால், தாம் அமெரிக்காவில் பிறந்தவர் என்று சீனக் குடியேறிகள் பலர் கூற முடிந்ததும், அவர்களின் பிள்ளைகள் என்ற பெயரில் பிறர் வர முடிந்ததும் அக்காலக் குடியேற்ற வரலாற்றின் ஒரு பகுதி.

இன்று நுண்படச் சுருள்களும் கணினிப் படிமங்களும் வேறோர் ஊரில் காப்பு நகலாக இருக்கின்றன. யூட்டாவின் மரபுவழி ஆய்வுச் சங்கம் 1938-இல் நுண்படமெடுக்கத் தொடங்கி, எண்ணற்ற கவுண்டி ஏடுகளைப் படியெடுத்தது. தம் முன்னோரைத் தேடுகிறவர்கள் இப்போது இவற்றைத்தான் நாடுகிறார்கள்.

ஏட்டில் ஏறிய அநீதி

ஏடு நடுநிலையானது என்று சொல்லிவிட்டு நகர முடியாது. தென் மாநிலங்களின் பத்திரப் புத்தகங்களில் நிலத்தோடு மனிதர்களும் விற்பனைப் பொருளாகப் பதியப்பட்டிருக்கிறார்கள். பெயர், வயது, விலை எல்லாம் அதே அழகான கையெழுத்தில், அதே அட்டவணையில் இருக்கின்றன. வட கரோலினாவின் பன்கம் கவுண்டிப் பதிவகம் இந்த அடிமை விற்பனைப் பத்திரங்களைத் தேடித் தொகுத்து இணையத்தில் வைத்தது. வேறெங்கும் பெயர்கூட மிஞ்சாத முன்னோரைப் பலர் அங்கே கண்டுகொள்கிறார்கள். கொடுமையைப் பதிந்த அதே ஏடு, பிற்காலத்தில் அதற்கான சாட்சியாகவும் நிற்கிறது.

அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து பெரும் பேச்சாளராக விளங்கிய ஃபிரடெரிக் டக்ளஸ், 1881 முதல் 1886 வரை வாஷிங்டன் நகரின் பத்திரப் பதிவாளராக இருந்தார். அப்பதவியை வகித்த முதல் கறுப்பர் அவர். தம்மைப் போன்றவர்களைச் சொத்தாக எழுதிய நாட்டில், தலைநகரின் சொத்துப் பதிவேடு அவர் பொறுப்பில் வந்தது.

இருபதாம் நூற்றாண்டில் அநீதி வேறு வடிவெடுத்தது. வெள்ளையரல்லாதவருக்கு இந்த மனையை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற நிபந்தனைகள் பத்திரங்களில் ஏறின. 1948-இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில், நீதிமன்றங்கள் அவற்றை அமல்படுத்தக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 1968-இன் நியாய வீட்டுவசதிச் சட்டம் அவற்றைச் சட்டவிரோதமாக்கியது. 1972-இல் வாஷிங்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றம், அத்தகைய பத்திரங்களை ஏற்கும் பதிவாளர் மீதே வழக்குத் தொடரலாம் என்றது. வந்ததை வாங்கி வைப்பது மட்டுமே என் வேலை என்ற வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அந்தத் தீர்ப்பு காட்டியது.

இந்தியர்களும் இதில் தப்பவில்லை. குடியுரிமை பெறத் தகுதியற்ற வெளிநாட்டவர் வேளாண் நிலம் வாங்கக் கூடாது என்ற கலிபோர்னியாவின் 1913-ஆம் ஆண்டுச் சட்டம், 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியருக்குக் குடியுரிமை இல்லை என்று தீர்ப்பானபின் பஞ்சாபி உழவர்கள் மேல் பாய்ந்தது. 1946-இல் இந்தியருக்குக் குடியுரிமை வழி திறந்தது. 1952-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த நிலச் சட்டத்தை வீழ்த்தியது.

கலிபோர்னியா 2021-இல் இயற்றிய சட்டம், இந்தச் சட்டவிரோத வாசகங்களைத் தாமே தேடி நீக்கும் கடமையைக் கவுண்டிப் பதிவாளர்களுக்கு விதித்தது. சிலிக்கான் பள்ளத்தாக்கு அடங்கிய, ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வாழும் சாண்டா கிளாரா கவுண்டி, ஸ்டான்போர்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து செயற்கை நுண்ணறிவைக் கொண்டு 52 லட்சம் பக்கங்களை ஆராய்ந்தது. ஏறத்தாழ 7,500 நிபந்தனைகள் அகப்பட்டன. புதிய பதிவு அந்த வரியை நீக்குகிறது. பழைய பதிவு வரலாற்றுக்காக நிற்கிறது. இது சரியான வழி. சட்ட வலுவை அழிக்க வேண்டும். சான்றை அழிக்கக் கூடாது.

வங்கிகள் ஏட்டைச் சுற்றிப் போனபோது

1990-களில் வீட்டுக் கடன்கள் வங்கியிலிருந்து வங்கிக்கு விரைவாக விற்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் கவுண்டியில் பதிந்து கட்டணம் கட்டுவது தாமதம் என்று கருதிய கடன் நிறுவனங்கள், 1995-இல் மெர்ஸ் என்ற தனியார் மின்பதிவு அமைப்பை உருவாக்கின. கவுண்டி ஏட்டில் அடமானம் மெர்ஸ் பெயரில் நிற்கும். உண்மையில் கடன் யார் கையில் என்பது அந்த அமைப்பின் கணினிக்குள் மட்டுமே தெரியும். கோடிக்கணக்கான கடன்கள் இப்படிப் பொது ஏட்டின் பார்வையிலிருந்து மறைந்தன.

2008 நெருக்கடியில் லட்சக்கணக்கான வீடுகள் ஏலத்துக்கு வந்தபோது, என் கடன் யாரிடம் இருக்கிறது என்று கேட்ட குடும்பங்களுக்குப் பதிவகத்தில் பதில் கிடைக்கவில்லை. இடைவெளியை நிரப்ப, படிக்காமலே ஆயிரக்கணக்கான தாள்களில் கையெழுத்திடும் முறை நடந்தது 2010-இல் வெளிவந்தது. சான் பிரான்சிஸ்கோ பதிவாளர் அலுவலகம் செய்வித்து 2012-இல் வெளியிட்ட தணிக்கை, ஆராய்ந்த ஏலக் கோப்புகளில் 84 விழுக்காட்டில் குறைந்தது ஒரு சட்ட மீறலாவது இருந்ததாகக் கண்டது. அதே ஆண்டில் ஐந்து பெரிய வங்கிகள் 49 மாநிலங்களோடும் மத்திய அரசோடும் 2,500 கோடி டாலர் மதிப்பிலான உடன்பாட்டுக்கு வந்தன. சில நாள் தாமதத்தையும் சில டாலர் கட்டணத்தையும் மிச்சப்படுத்தப்போய், யாருக்கு எது சொந்தம் என்ற பொது அறிவையே நாடு இழந்தது. பொது ஏடு ஏன் பொதுவாகவே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை.

மின்பதிவும் போலிப் பத்திரமும்

மின் கையெழுத்தை ஏற்ற 2000-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்துக்குப் பின், 2004-இல் மாநிலங்களுக்கான மாதிரி மின்பதிவுச் சட்டம் வகுக்கப்பட்டது. இப்போது பெரிய கவுண்டிகளில் பெரும்பகுதி ஆவணங்கள் கணினி வழியே வருகின்றன. 2011-இல் வர்ஜீனியா தொடங்கிவைத்த காணொலி நோட்டரி முறையும் பரவியிருக்கிறது. குக் கவுண்டி பிளாக்செயின் முறையையும் சோதித்துப் பார்த்தது. ஆனால் எந்தத் தொழில்நுட்பமும், பொய்யாக உள்ளே வந்ததை உண்மையாக்காது; அதைப் பத்திரமாகக் காப்பாற்றும், அவ்வளவே.

எளிய விடுதலைப் பத்திரம் ஒன்றைப் போலியாக எழுதி, போலி நோட்டரி முத்திரையோடு பதிந்து, அந்த வீட்டின் மேல் கடன் வாங்குவதோ விற்பதோ இன்றைய மோசடி. முதியவர்களின் வீடுகளும், காலி மனைகளும், கடன் தீர்ந்த வீடுகளும் இதற்கு இலக்காகின்றன. எல்விஸ் பிரெஸ்லியின் கிரேஸ்லாண்டு இல்லமே தப்பவில்லை. போலிக் கடன் ஆவணங்களை உருவாக்கி, போலி அடமானப் பத்திரத்தை மெம்பிஸ் நகரின் ஷெல்பி கவுண்டிப் பதிவகத்தில் தாக்கல் செய்து, அவ்வீட்டை ஏலம் விட முயன்றதை 2024 மே மாதத்தில் நீதிமன்றம் தடுத்தது. அதைச் செய்த பெண் பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். புகழ்பெற்ற வீடென்பதால் செய்தியாகி விரைவில் நின்றது. தனியே வாழும் ஒரு மூதாட்டியின் வீட்டுக்கு அந்த வாய்ப்புக் கிடையாது. போலிப் பத்திரம் செல்லாது என்று சட்டம் சொன்னாலும், அதை ஏட்டிலிருந்து அகற்ற வழக்கறிஞரும் மாதக்கணக்கான அலைச்சலும் வேண்டும்.

இதற்குப் பதில், பதிவாளர் ஒவ்வொரு பத்திரத்தின் உண்மையையும் விசாரிக்கட்டும் என்பதா? நான் அப்படிக் கருதவில்லை. ஒரு பெரிய கவுண்டியில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான ஆவணங்கள் வருகின்றன. மறுக்கும் அதிகாரம் கொடுத்தால் தாமதமும் செல்வாக்கும் கையூட்டும் அந்த மேசைக்கே வந்து சேரும். முந்திப் பதிந்தவருக்கே உரிமை என்ற விதியும் குலையும். சீர்திருத்தம் வாசலில் நடக்க வேண்டும். நோட்டரிக்குக் கடுமையான பயிற்சியும் பெருவிரல் ரேகையும் எல்லா மாநிலங்களிலும் வேண்டும். பத்திரம் கொண்டுவருபவரின் அடையாளத்தைக் குறித்துவைக்க வேண்டும். பதிந்தவுடன் பழைய உரிமையாளருக்கு அறிவிப்புப் போக வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி இந்த அறிவிப்பை அஞ்சலில் அனுப்புகிறது. வேறு பல கவுண்டிகள் பெயரைப் பதிந்து வைத்தால் மின்னஞ்சலில் இலவசமாகத் தெரிவிக்கின்றன. போலி எனத் தெரிந்த பதிவை விரைந்து நீக்க, செலவு குறைந்த தனி நீதிமன்ற நடைமுறையும் தேவை.

திறந்த ஏட்டுக்கும் தனிமனித மறைவுக்கும் இடையே உள்ள இழுபறியையும் தீர்க்க முடியும். பழைய ஆவணங்களில் இருந்த சமூகப் பாதுகாப்பு எண்ணின் முதல் ஐந்து இலக்கங்களை மறைக்கும் வேலையைக் கலிபோர்னியாப் பதிவாளர்கள் செய்திருக்கிறார்கள். தேவையற்றதை மறைத்து, தேவையானதைத் திறந்து வைக்கலாம் என்பதற்கு அது சான்று.

அமெரிக்காவில் வீடு வைத்திருக்கும் தமிழர்கள் இதைத் தமக்குத் தொடர்பில்லாத அரசு வேலையாக எண்ண வேண்டாம். உங்கள் கவுண்டிப் பதிவகத்தின் இணையப் பக்கத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். கிரயப் பத்திரத்தில் பெயரின் எழுத்துகள் சரியாக உள்ளனவா, தீர்ந்த கடனுக்கு விடுவிப்புப் பதிவாகியிருக்கிறதா என்று சரிபாருங்கள். இலவச எச்சரிக்கை வசதி இருந்தால் இன்றே சேருங்கள். ஊரில் இருக்கும் பெற்றோர் பெயரில் உங்கள் கவுண்டியில் மனை இருந்தால் அவர்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள். வாக்குரிமை உள்ளவர்கள், வாக்குச்சீட்டின் அடியில் வரும் பதிவாளர் பதவியைக் குறியிடாமல் விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டுக்கான சாட்சியைக் காப்பவர் யார் என்பதைத் தீர்மானிக்கும் வாக்கு அது.